கை தூக்க முடியாதவர்கள்: எம்.சி. ராஜாவிடமிருந்து ஒரு பாடம்

(உளுந்தூர்பேட்டையில் கல்லூரி மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இங்கே வந்திருந்தபோது ஒரு தம்பி செல்போனில் ஜெர்மி கோர்பின் பேசும் காணொலி ஒன்றைக் காட்டினார். "இவரைக் கட்சியை விட்டே தூக்கிட்டாங்க. சுயேச்சையா நின்னு ஜெயிச்சிட்டாரு. நம்ம தனித்தொகுதி ஆளுங்க ஒருத்தர்கூட ஏன் இப்படிச் செய்ய மாட்டேங்கறாங்க? தைரியம் இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன், கள்ளக்குறிச்சி பஸ் வந்துவிட்டது. பாதியில் விட்ட பதிலை இன்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோர்பின். லண்டனில் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியின் எம்.பி.யாக 1983-லிருந்து இருக்கிறார். 2015 முதல் 2020 வரை தொழிற்கட்சியின் தலைவர். கட்சிக்குள் யூத வெறுப்பு இருந்தது பற்றி வந்த ஓர் அறிக்கைக்கு அவர் சொன்ன எதிர்வினையைக் காரணம் காட்டி 2020 அக்டோபரில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். நாடாளுமன்றக் குழுவில் திரும்பச் சேர்க்கவே இல்லை. 2023-இல் இனி கட்சி வேட்பாளராக நிற்க முடியாது என்றார்கள். 2024 மே மாதம் சுயேச்சையாக நிற்கிறேன் என்று அவர் அறிவித்ததும் கட்சியிலிருந்தே நீக்கினார்கள். ஜூலை 4 தேர்தலில் 24,120 வாக்குகள் வாங்கி, தொழிற்கட்சி வேட்பாளரை 7,247 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அவருடைய கொள்கைகளில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த வெற்றிக்கு எவையெல்லாம் துணை நின்றன என்று பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக அவரைத் தெரிந்த வாக்காளர்கள் இருந்தார்கள். கட்சி அவரை ஒதுக்கி வைத்த மூன்றரை ஆண்டும் அவருடைய எம்.பி. பதவிக்கு ஆபத்து வரவில்லை. அங்கே எம்.பி. கட்சி மாறினாலும், கட்சியை எதிர்த்து வாக்களித்தாலும் பதவியைப் பறிக்கும் சட்டம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. அவருக்கு ஓட்டுப் போட்ட தெருவைக் காட்டி, "இந்தத் தெருவுக்குப் பேசினால் அந்தத் தெரு ஓட்டு உனக்கு இல்லை" என்று அவரை மிரட்டும் ஏற்பாடு அங்கே இல்லை.

கடைசியாகச் சொன்னதை விளக்க எங்கள் ஊர்க்கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் படித்த காலம். எங்கள் தெருவில் யாராவது இறந்தால் வாய்க்காலில் இறங்கித்தான் பாடையைக் கொண்டுபோக வேண்டும். நேர்ப்பாதை ஊர்த்தெரு வழியாகப் போகிறது, அதில் எங்களுக்கு அனுமதி இல்லை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒன்றியக் கவுன்சிலர் எங்கள் தெருக்காரர்தான், தனி வார்டில் வென்றவர். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். அப்பாவும் நாலைந்து பேரும் மனு எழுதிக்கொண்டு அவரிடம் போனார்கள், நானும் கூடப் போனேன். மனுவைப் படித்துவிட்டு அவர் சொன்னதை மறக்க முடியாது. "அண்ணே, நான் நம்ம தெருதான். ஆனா நம்ம தெரு ஓட்டுல நான் ஜெயிக்கல." அவ்வளவுதான். மனு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. சில வருஷம் கழித்து அவர் இறந்தபோது அவரையும் வாய்க்கால் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்த மனிதரை நான் ரொம்ப நாள் கோழை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்காக எம்.சி. ராஜாவைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் அன்று ஓர் அரசியல் உண்மையைச் சொன்னார் என்று புரிந்தது.

எம்.சி. ராஜா 1883-இல் பரங்கிமலையில் பிறந்தவர். ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர், ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர். 1920-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். நீதிக்கட்சியின் தொடக்க கால உறுப்பினர். சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான் 1922-இல் அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று எழுதும் ஆணை வந்தது. இன்றைக்கு நம் சாதிச் சான்றிதழில் இருக்கும் சொல்லுக்குப் பின்னால் அவர் குரல் இருக்கிறது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அவருக்கும் கட்சிக்கும் விரிசல் விழுந்துவிட்டது. 1921-இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் ஆதிதிராவிடர்களையும், அவர்களுக்குத் தொழிலாளர் துறை காட்டிய ஆதரவையும் குற்றம் சொன்னார்கள். பிராமணரல்லாதார் என்ற குடைக்குள் நமக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி ராஜாவுக்கு அங்கேதான் வந்தது. 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.

அதன்பிறகு எந்தப் பெரிய கட்சியின் கட்டுப்பாட்டுக்குள்ளும் இல்லாமல் இயங்கினார். மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினராகப் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் அவர்தான். யாரையும் கேட்காமல் பேச முடிந்த காலம். ஆனால் அந்த இடம் அரசு தந்த நியமனம், மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்ததல்ல. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1932. அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவர் ஓட்டில் வருகிறவர் மற்றவருக்குத்தான் பதில் சொல்வார் என்பது அவர்கள் வாதம். முன்பு அதே கோரிக்கையை வைத்திருந்த ராஜா இப்போது எதிர்ப்பக்கம் போனார். இந்து மகாசபையின் மூஞ்சேவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். தனியே ஒதுங்கினால் தனியாகவே விடப்படுவோம், நம் ஓட்டு தேவைப்படுகிறவன்தான் நம்மை மதிப்பான் என்பது அவர் வாதம். துரோகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் சிதறிக் கிடக்கும் சிறுபான்மை எப்படி அதிகாரத்தைத் தொடுவது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் விடை முடியவில்லை.

காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதி போனது. மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் 71-லிருந்து 148 ஆயின, சென்னை மாகாணத்துக்கு 30. கூடவே ஓர் ஏற்பாடும் இருந்தது. முதல் கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து இரண்டாம் கட்டத்தில் தேர்வு செய்வார்கள். முதல் கட்டத்தில் நம்மிடம் நாலாவதாக வந்தவர் இரண்டாம் கட்டத்தில் மற்றவர் ஓட்டால் முதலாவதாக வந்துவிட முடியும். அந்த முதல் கட்டமும் பத்து வருஷத்துக்கு மட்டும்தான்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 30 ஒதுக்கீட்டு இடங்களில் 26 காங்கிரசுக்குப் போனது. ராஜாவும் சட்டமன்றத்துக்கு வந்தார். காங்கிரஸ் ஆட்சி ஏற்பதற்கு முன் இருந்த இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சராகவும் இருந்தார். பிறகு ராஜாஜி முதல்வரானார்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். 1938-இல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கையில் எடுத்தார். ஒன்று, பொதுக்கிணறு, பாதை, போக்குவரத்து போன்றவற்றில் தீண்டாமை காட்டுவதைத் தடுப்பது. அது சட்டமானது. மற்றொன்று கோயில் நுழைவு மசோதா. கூட்டுத்தொகுதியை ஏற்றுக்கொண்டபோது சாதி இந்துக்கள் கொடுத்த வாக்குறுதிகளில் முக்கியமானதே கோயில் கதவு திறப்பதுதான். அதனால் காங்கிரஸ் இதை ஆதரிக்கும் என்று நம்பினார். ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டும் தனிச்சட்டம் கொண்டுவருகிறோம் என்றார். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. ராஜா பின்வாங்காமல் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். தோற்றது.

மசோதா தோற்றதைவிட அது தோற்ற விதம் முக்கியம். ஒதுக்கீட்டு இடங்களில் வென்று காங்கிரஸ் வரிசையில் அமர்ந்திருந்த நம்மவர்கள் அரசின் பக்கம் நின்றார்கள். கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிரதிநிதிகள், கோயில் கதவைத் திறக்கும் மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்கவில்லை. கோயிலுக்குள் போக ஆசை இல்லாமலா? கட்சிக் கொறடா சொன்னதற்குக் கட்டுப்பட்டார்கள். கட்சி தந்த இடம், கட்சி சேர்த்துத் தந்த ஓட்டு. எங்கள் ஊர் கவுன்சிலர் சொன்ன அதே வாக்கியத்தை அவர்கள் சட்டமன்றத்தில் வாய் திறக்காமல் சொன்னார்கள்.

ராஜாவிடம் தைரியம் குறைவாக இருக்கவில்லை. ஒரு கட்சியை விட்டு வந்தவர், முதல்வர் சொல்லியும் மசோதாவை விடாதவர். அவரோடு சேர்ந்து எழுந்து நிற்கும் பிரதிநிதிகளை உருவாக்காத ஒரு தேர்தல் முறைக்குத் தானே கையெழுத்துப் போட்டிருந்ததுதான் அவருடைய துயரம். ஆறு வருஷத்தில் அதன் பலனைக் கண்ணால் பார்த்துவிட்டார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்து போய் கிரிப்ஸைப் பார்த்தார்கள், அவருடைய திட்டத்தைச் சேர்ந்தே எதிர்த்தார்கள். பத்து ஆண்டு முன்பு எதிரெதிராக நின்றவர்கள். அடுத்த ஆண்டு ராஜா இறந்துபோனார். மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

அதெல்லாம் பழைய கதை, இப்போது அரசமைப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன. நாம் மட்டும் வாக்களிக்கும் அந்த முதல் கட்டம் இல்லை. 1985-இல் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு கொறடாவின் கையில் சட்டமே சேர்ந்துகொண்டது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி போகும். பணத்துக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம்தான், அந்தத் தேவை உண்மையானது. ஆனால் மனசாட்சிப்படி மாற்றி வாக்களிப்பவருக்கும் அதே தண்டனைதான்.

கட்சியே நீக்கிவிட்டால்? தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1991-இல் அதிமுக சார்பில் வென்ற ஜி. விஸ்வநாதன், அழகு திருநாவுக்கரசு இருவரையும் 1994-இல் கட்சி நீக்கியது. அவர்கள் மதிமுகவில் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி 1995-இல் பேரவைத் தலைவர் பதவியைப் பறித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கட்சியின் வேட்பாளராக வென்றவர், கட்சி நீக்கினாலும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்சிக்காரர்தான், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. வீட்டை விட்டுத் துரத்தியும் ஆயிற்று, வாசல் கதவும் பூட்டியாயிற்று. கோர்பின் இங்கே பிறந்திருந்தால் அந்த மூன்றரை ஆண்டு அவர் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சரி, நம் பக்கத்தில் யாருமே இதைச் செய்து பார்க்கவில்லையா? இங்கிருந்து திருச்சி சாலையில் போனால் வேப்பூர், அதைத் தாண்டி மங்களூர். 2001-இல் அந்த மங்களூர் தனித்தொகுதியில் தொல். திருமாவளவன் வென்றார். சின்னம் உதயசூரியன். விடுதலைச் சிறுத்தைகளின் தலைவர் சட்டமன்றத்துக்குள் சட்டப்படி திமுக உறுப்பினர். கூட்டணியில் உறவு கெட்டபோது அவருக்கு முன்னால் இரண்டே வழி: வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அல்லது பதவியை விடுவது. 2004-இல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, திமுக கூட்டணிக்கு வெளியே சிதம்பரத்தில் நின்று தோற்றார். தம்பி கேட்ட தைரியத்துக்கு நம் ஊரில் இருந்த விலை அதுதான். அங்கே சுயேச்சையாக எழுந்து பேசலாம். இங்கே எழுந்து வெளியே போகலாம்.

அதன்பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். இந்த உளுந்தூர்பேட்டை சட்டமன்றத் தொகுதி விழுப்புரம் நாடாளுமன்றத் தனித்தொகுதிக்குள் வருகிறது. 2019-இல் விசிக வேட்பாளர் ரவிக்குமார் இங்கே உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். 2024-இல் அதே ரவிக்குமார், அதே கூட்டணி, ஆனால் பானைச் சின்னம். சிலருக்கு இது சின்ன விஷயம். இன்று நான் சொன்னதைக் கேட்ட பிறகு உங்களுக்கு அப்படித் தோன்றாது. யார் சின்னத்தில் வென்றோமோ அவர்களின் கொறடாவுக்குத்தான் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். 2025 ஜனவரியில் விசிக அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சியானதும் இந்தக் கணக்கில்தான் முக்கியம்.

நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. பானையில் வென்றாலும் கூட்டணி ஓட்டு தேவைப்படத்தான் செய்கிறது. ராஜா 1932-இல் சொன்ன வாதத்தில் இருந்த உண்மை அது. சொந்தச் சின்னம் கதவுச் சாவி மாதிரி. சாவி கையில் இருப்பதாலேயே வீடு நம்முடையதாகிவிடாது. சொந்தக் கட்சியின் கொறடாவும் கொறடாதான், அவரையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

கட்சியே இல்லாத இடத்தையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பில்லாமல் நடக்கிறது. சட்டப்படி அங்கே எல்லோரும் சுயேச்சைதான், கொறடா கிடையாது. ஆனால் மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடத்த விடவில்லை. பக்கத்தில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020-இல் வெளிவந்தது. கட்சிக் கொறடா இல்லாத இடத்தில் சாதியே கொறடாவாக நிற்கிறது. அந்தக் கொறடா பதவியோடு நிறுத்திக்கொள்வதில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. நம் பிரதிநிதிகள் ஏன் எழுந்து பேசவில்லை என்ற கேள்வியைத் தைரியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தைரியம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விமர்சிப்போம். அதோடு சேர்த்து, அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது யார், எந்தச் சின்னம், பேசினால் அவருக்கு என்ன போகும், பேசியதற்காக அது போனால் அவர் பின்னால் நாம் நிற்போமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வி நம்மைப் பற்றியது.

நாம் செய்யக்கூடிய இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டை 2008 மறுசீரமைப்புக்கு முன் தனித்தொகுதி, இப்போது பொதுத்தொகுதி. மாவட்டத்தில் கள்ளக்குறிச்சி தனித்தொகுதி. இந்தத் தொகுதிகளின் உறுப்பினர்கள் அவையில் எந்த விவாதத்தில் என்ன பேசினார்கள், எப்போது பேசாமல் இருந்தார்கள் என்று சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து எடுத்து எழுதுங்கள். ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். இது முதல் வேலை. இரண்டாவது, பூனா ஒப்பந்தத்தில் காணாமல் போன அந்த முதல் கட்டத்தை நாமே நடத்திப் பார்க்கலாம். தனித்தொகுதி வேட்பாளரை எந்தக் கட்சி அறிவித்தாலும், ஊர் ஊராக நம் தெருக்களில் கூட்டம் போட்டு அவரை வரச்சொல்லிக் கேள்வி கேட்கலாம். சட்டம் அதற்கு மதிப்பெண் தராது. ஆனால் நம் தெருவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊர்த்தெருவில் இருந்தும் சாதியை எதிர்க்கும் பிள்ளைகள் வந்து அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். "அந்தத் தெரு ஓட்டு உனக்கு இல்லை" என்ற மிரட்டலை உடைக்க அவர்களால்தான் முடியும்.

அப்பா எழுதிய அந்த மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த மழைக்காலத்திலும் வாய்க்காலில் தண்ணீர் வரும். அதற்குள் அந்த மனுவைத் திரும்ப எழுத வேண்டும். இந்த முறை கையெழுத்து இரண்டு தெருவிலும் வாங்க வேண்டும். வாசிப்பு வட்டத் தோழர்கள் கூட வருவீர்கள் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.